கைக்கு வராத கடன்

1

அக்டோபர் பிறந்தால் நெய்வேலியில் உங்களுக்கு ஆயுதபூஜையும் போனஸ் பேச்சும் ஒன்றாக வந்துவிடும். சுரங்கத்து மிஷின்களுக்கு மாலை போட்டு, பொரிகடலை கொடுத்தபடியே, இந்த வருஷம் எவ்வளவு கிடைக்கும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இங்கே ஒஹாயோவில் எனக்கு அக்டோபர் என்றால் ஒரு சுற்றறிக்கை. மாணவர் கடனில் அரசாங்கம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் முதல் தேதியிலிருந்து இன்ன சதவீதம் என்று அதில் இருக்கும். சில வருஷம் ஒரு துளி ஏறும், சில வருஷம் ஒரு துளி இறங்கும், சில வருஷம் அசையாமல் கிடக்கும். அலுவலகத்தில் இதை யாரும் சட்டை செய்வதில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில். அது என்ன வேலை என்று அம்மாவுக்குப் புரியவைக்கவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷச் செலவு இவ்வளவு என்று நாங்கள் ஒரு பட்ஜெட் போடுவோம். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பஸ் செலவு எல்லாம் அதில் அடக்கம். அந்த மொத்தத்தைத் தாண்டி உதவித்தொகையாகவோ கடனாகவோ ஒரு டாலர்கூட வாங்க முடியாது. அதுதான் உச்சவரம்பு.

அந்த பட்ஜெட்டின் அடியில் 'கடன் கட்டணம்' என்று ஒரு சின்ன வரி எழுதியிருக்கும். பத்தாயிரம் டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டால் பத்தாயிரமும் வந்து சேராது. கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். திருப்பிக் கட்டும்போது மட்டும் முழுப் பத்தாயிரத்தையும் வட்டியோடு கட்ட வேண்டும். அந்தக் கழிவுக்கு இடம் விடத்தான் அந்த வரி. அதைப் பார்த்துவந்தவர் இந்த வருஷம் ஓய்வுபெற்றார். வரி என் மேஜைக்கு வந்தது.

2

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. அம்மா சிவகாசிப் பக்கம். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் நாகர்கோவில், எதிர் குவார்ட்டர்ஸ் சேலம். தெருவில் ஒருவர் பேசும் தமிழை இன்னொருவர் கிண்டல் செய்யாத நாள் இல்லை. ஆனால் சம்பள நாளன்று எல்லாப் பெண்களும் ஒரே தமிழில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "கைக்கு எவ்வளவு வந்துச்சு?"

சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. குவார்ட்டர்ஸின் அளவைப் பார்த்தாலே கிரேடு தெரிந்துவிடும், கிரேடு தெரிந்தால் சம்பளம் தெரிந்துவிடும். தெரியாதது பிடித்தம்தான். பி.எஃப்., வாடகை, கரண்ட், பண்டிகை அட்வான்ஸ், சொசைட்டி லோன் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு, மீதி என்ன வருகிறதோ அதுதான் குடும்பம். சொசைட்டியில் கடன் வாங்கினாலும் பங்குத்தொகை என்று முதலிலேயே கொஞ்சம் கழிப்பார்கள். அதனால் பீஸ் கட்ட ஒரு தொகை வேண்டுமென்றால், கழிவையும் சேர்த்துத்தான் கேட்பது வழக்கம். புதிதாகக் கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்த பெண் யாராவது வேண்டிய தொகையை மட்டும் அப்படியே கேட்டுவிட்டு வந்தால், தெரு கூடி அவளைத் திருப்பி அனுப்பும்.

அமெரிக்காவில் எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அம்மாவிடம் போனில் வருஷச் சம்பளத்தைப் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"அது கெடக்கட்டும்டி. கைக்கு எவ்வளவு வரும்?"

அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டின்போது என் மேலதிகாரி டயானிடம், "உங்களுக்குப் பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான். டயானின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மேஜையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். இங்கே ஒருவருடைய வயதைக்கூடக் கேட்டுவிடலாம், வருமானத்தைக் கேட்கக் கூடாது என்று பிறகு ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டேன். திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

3

இந்த வருஷம் சுற்றறிக்கை வந்த வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, ஹெக்டர் என்பவர் கவுண்டருக்கு வந்தார். பஸ் மெக்கானிக். சட்டையின் பையில் அவர் பெயர் தைத்திருந்தது. மகள் எலேனா எங்கள் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். மகளுக்காகப் பெற்றோர் வாங்கும் கடனை வாங்கியிருந்தார். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவோ, சரியாக அவ்வளவு. அவருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பும் அதுதான். இருந்தும் பாக்கி இன்னும் இருக்கிறது என்று மகளின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பாக்கி தீராவிட்டால் அவளால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய முடியாது. ஆஸ்பத்திரிச் செய்முறை வகுப்பில் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வகுப்பு மறுபடி வர ஒரு வருஷம் ஆகும்.

"நான் ஒரு காசு குறைக்காமல்தான் கேட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தான் எங்கே தப்புச் செய்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிற முகம்.

இந்த இடத்தில் நான் அவரை உள்ளே அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் பேசியிருக்க வேண்டும். விதி அப்படி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் தெருப்பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக வாயைத் திறந்துவிட்டார்கள்.

"கடன் எவ்வளவுங்கறது இருக்கட்டும். உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நல்ல சத்தமாகவே கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் வாக்கியம் நெய்வேலியுடையது.

அவர் தொகையைச் சொன்னார். பல நூறு டாலர் குறைந்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "எனக்கும் அப்படித்தான் குறைஞ்சு வந்தது. நான் ஏதோ தப்பாப் பூர்த்தி செஞ்சுட்டேன்னு நெனச்சேன்," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர், "நான் கிரெடிட் கார்டில் போட்டுக் கட்டினேன்," என்றார். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த வரிசை முழுக்க ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கதவைச் சாத்திப் பேசியிருந்தால் அது கேட்டிருக்காது.

அன்று மத்தியானம் அந்தச் சின்ன வரியைத் தோண்டினேன். மாணவர் தன் பெயரில் வாங்கும் கடனுக்குக் கட்டணம் குறைவு. பெற்றோர் வாங்கும் கடனுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. எங்கள் பட்ஜெட்டிலோ எல்லோருக்கும் சேர்த்து ஒரே சராசரி; அதுவும் மாணவர் கடனை வைத்துப் போட்டது. வருஷா வருஷம் சுற்றறிக்கை வரும்போது சதவீதத்தின் கடைசிப் புள்ளியை மாற்றிவிட்டு மூடியிருக்கிறார்கள். உச்சவரம்பு வரை கடன் வாங்கும் பெற்றோர் அத்தனை பேருக்கும் அதனால் கைக்குக் குறைந்திருக்கிறது. அவர்களில் ஒவ்வொருவரும் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

4

டயான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான். நேராகப் பேசுவார்.

"கலை, கவுண்டரில் ஒருத்தருடைய பணத்தைப் பற்றிச் சத்தமாகக் கேட்கக் கூடாதென்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். தப்புதான்."

"இனி வேண்டாம்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பெண் எலேனா விஷயம் எனக்குப் புரிகிறது. அவளுக்கு மட்டும் தனி முடிவு என்று எழுதிக் கொண்டுவாருங்கள். உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்தி இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

"மற்றவர்களுக்கு?"

"எல்லோருக்கும் பட்ஜெட்டை மாற்றுவதென்றால் அது கமிட்டி. கமிட்டி கூடுவது டிசம்பரில். அதைக் கிளப்பினால் இதையும் சேர்த்துக் கமிட்டிக்கே அனுப்பு என்பார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் இடத்தை இழப்பாள். ஒன்றைக் காப்பாற்றுங்கள்."

அவர் சொன்னது நியாயம். மற்றவர்களுக்காக எலேனாவைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் ஒருத்திக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது என்பது எங்கள் தெருவில் கேவலமான காரியம். சம்பளம், படி, குவார்ட்டர்ஸ் எதுவானாலும் கேட்டால் எல்லோருக்கும் கேட்க வேண்டும். தனக்கு மட்டும் ஆபீசில் சொல்லி முடித்துக்கொண்டவன் வீட்டு விசேஷத்துக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

அப்பா சங்கத்தில் பதவி எதிலும் இருந்ததில்லை. கொடி பிடித்து நடக்கிற ஆள். ஆனாலும் சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் வருஷங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சு. செட்டில்மென்ட், அரியர்ஸ், இன்டரிம் ரிலீஃப் ஆகிய வார்த்தைகளை டவுன்ஷிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிடுவோம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அரியர்ஸில் வந்தது. அதற்கு முன்னால் மிக்சி இன்டரிம் ரிலீஃபில் வந்தது. பேச்சு முடிய நாளாகும் என்றால், முதலில் ஒரு தொகையைக் கொடு, அதை வாங்கிக்கொள்கிறோம், ஆனால் பேச்சு முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. அதுதான் இன்டரிம் ரிலீஃப்.

என் மேஜைக்குப் போய் எலேனாவுக்கான தனி முடிவை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'பெற்றோர் கடன் வாங்கும் அனைவருக்கும் இந்த வரி திருத்தப்படும்வரை, இம்மாணவிக்கு இடைக்கால ஏற்பாடு.'

டயான் அதை மெதுவாகப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இதில் கையெழுத்துப் போட்டால், எல்லோருக்கும் திருத்த வேண்டும் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்."

"ஆமாம்."

"நீங்கள் முன்பு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தீர்களா?"

"இல்லை. சுரங்கத்து ஊரில் வளர்ந்தேன்."

அவர் பேனாவை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கமிட்டியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நான் இல்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் சின்னதல்ல.

ஹெக்டருக்கு நானே போன் செய்தேன். இது இனாம் இல்லை, கூடுதலாக வாங்கப்போவதும் கடன்தான், வட்டியோடு கட்ட வேண்டும் என்று மறைக்காமல் சொன்னேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். "என் மகள் உள்ளே இருப்பாளா?" என்று மட்டும் கேட்டார். இருப்பாள் என்றேன். வியாழக்கிழமை பூட்டு விலகியது. எலேனா அன்றே பெயர் பதிந்தாள்.

5

இந்தியாவுக்கு வாராவாரம் பேசும் நாள் ஞாயிறு. அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே அப்பா குறுக்கே வந்தார்.

"இரு இரு. அப்போ அந்த அம்மா கையெழுத்துப் போட்டுச்சா இல்லியா?"

"போட்டாங்கப்பா."

"போட்டுச்சா! நான் இங்க பேப்பர் படிச்சிகினு சும்மா குந்திகினு கீறேன், எம் பொண்ணு அமெரிக்காவுல செட்டில்மென்ட் பேசிகினு கீது!"

"செட்டில்மென்ட் இல்லப்பா, ஒரு வரிதான். கமிட்டி இன்னும் இருக்கு."

"நீ சும்மா இரு. எங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் அம்மாவின் குரல். "அந்தப் புள்ளைக்கு முழுசா வந்து சேந்துச்சான்னு கேளுங்க." சேர்ந்துவிட்டது என்றேன். அதற்குள் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் அங்கே போய் என்னவெல்லாம் சேர்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வடக்குத்திலிருந்து ஒருவர் போன் செய்து, அமெரிக்க அரசாங்கத்தின் சட்டத்தை நான் மாற்றிவிட்டதாக வாழ்த்துச் சொன்னார்.

என் மகள் யாழினி சிகாகோவில் வேலை பார்க்கிறாள். தமிழ் புரியும். பேசச் சொன்னால் வெட்கப்படுவாள். மாதத்தில் எப்போதாவது பேசுவாள். மற்றபடி கைபேசியில் மஞ்சள் முகம் ஒன்று அனுப்பினால் நலம் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்கு நான் போய், அவளுடைய டீச்சரிடம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அவளிடமும் சொன்னேன்.

"அம்மா, கவுண்டர்ல அப்படிக் கேட்டது ரொம்பத் தப்பு," என்றாள். பிறகு, "ஆனா அதை நீங்க மட்டும்தான் கேட்டிருப்பீங்க," என்றாள். முழு வாக்கியமும் தமிழில். எனக்கு அன்றைக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

6

டிசம்பரில் கமிட்டி கூடியது. டயான் என்னையும் அழைத்துப்போனார். கணக்குப் பிரிவின் தலைவர் முதல் கேள்வியைக் கேட்டார். கெட்ட கேள்வி என்று சொல்ல முடியாது.

"உச்சவரம்பை உயர்த்துவது என்றால் ஏழைக் குடும்பங்களை இன்னும் அதிகமாகக் கடன் வாங்கச் சொல்வதுதானே? இது எப்படி உதவியாகும்?"

என் ஆங்கிலம் கோபத்தில் தடுக்கும். அதனால் கோபப்படாமல் மெதுவாகச் சொன்னேன். அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கைக்கு வராத பணத்துக்கும் வட்டி கட்டப்போகிறார்கள். நாம் இடம் விடாததால், அந்தக் குறைவை அவர்கள் கிரெடிட் கார்டில் போட்டு இன்னும் அதிக வட்டிக்கு வாங்குகிறார்கள், இல்லையென்றால் பிள்ளையை நிறுத்துகிறார்கள். கடன் வாங்குவதும் வாங்காததும் அவர்கள் முடிவு. உண்மையான செலவைச் சொல்வது நம் வேலை. பட்ஜெட் என்று பெயர் வைத்துவிட்டு நாலில் ஒரு பங்குக் கட்டணத்தைக் காட்டினால் அது பட்ஜெட் இல்லை.

இன்னொருவர், முன்மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டார். டயான் எலேனாவின் தாளை மேஜையில் வைத்தார். கேட்டவர் அதைப் படித்துவிட்டு, "இதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்றே," என்றார். டயான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேஜைக்கு அடியில் என் காலை மட்டும் லேசாக இடித்தார்.

திருத்தம் நிறைவேறியது. பெற்றோர் கடனுக்கு அதற்குரிய கட்டணத்தையே பட்ஜெட்டில் காட்ட வேண்டும். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிய விகிதம் வந்ததும் இரண்டு வரிகளையும் தனித்தனியே திருத்த வேண்டும். சின்னப் பாக்கிக்காகப் படிப்பை விட்டுப்போனவர்கள் திரும்பி வந்தால் அபராதம் இல்லை. பழைய பாக்கியைக் கல்லூரியின் உதவி நிதியிலிருந்து நேர் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் கேட்கவே இல்லை. கணக்குப் பிரிவின் தலைவரே சேர்த்தார். மனுஷர்களைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கூட்டம் முடிந்து காரில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை. பெருமைதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேச்சு, என் உச்சரிப்பு, என் கேள்விகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். செதுக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒன்று அன்றைக்கு வேலைக்கு ஆயிற்று.

7

விட்டுப்போனவர்களுக்குக் கடிதம் அனுப்பலாம் என்றார்கள். கடிதத்தை யார் பிரிக்கப்போகிறார்கள் என்று நானே போனில் கூப்பிட ஆரம்பித்தேன். சிலர் எண்ணை மாற்றியிருந்தார்கள். ஒரு தகப்பனார், ஏமாற்று அழைப்பு என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

ஒரு காலை வேளையில் ஒரு தாய் போனை எடுத்தார். மகள் பெயர் கேசி. போன வருஷம் நின்றவள். நான் யாரென்று சொன்னதும், "இன்னும் எவ்வளவு கட்டணும்?" என்றுதான் முதலில் கேட்டார். கட்ட ஒன்றும் இல்லை, பாக்கி நேர் செய்யப்பட்டுவிட்டது, தப்பு உங்களுடையது இல்லை, எங்கள் பட்ஜெட்டுடையது என்றேன்.

"அந்தப் பணத்துக்காகத்தான் அவ நின்னா," என்றார். "நான்தான் கணக்குத் தப்பாப் போட்டுட்டேன்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அவளும் அப்படித்தான் நெனச்சா. ஆனா ஒரு தடவைகூடச் சொன்னதில்ல."

"நீங்க சரியாத்தான் போட்டீங்க," என்றேன். "ஜனவரியில் அவள் வரலாம். இடம் இருக்கிறது. அவளிடம் பேச முடியுமா?"

"வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் பார்க்கிறா. இப்பத்தான் வந்து படுத்தா."

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிற ஆளை எங்கள் டவுன்ஷிப்பில் எழுப்ப மாட்டோம். விருந்தாளி வந்தாலும் எழுப்ப மாட்டோம், தந்தி வந்தாலும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் யோசிப்போம். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளைக்கூட அந்த வீட்டைத் தாண்டி அனுப்பிவிடுவார்கள்.

"வேண்டாம், தூங்கட்டும்," என்றேன். "நான் சாயங்காலம் கூப்பிடுகிறேன்."

"இல்ல," என்றார் அந்தத் தாய். "இதுக்கு எழுப்பலாம்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறுவது கேட்டது. கதவு திறந்தது. மகளின் பெயரை மெதுவாகச் சொன்னார், பிறகு அவ்வளவு மெதுவாக இல்லாமல் சொன்னார். ஏதோ முனகல். கட்டில் கிறீச்சிட்டது. போன் கை மாறியது.

"ஹலோ, யாரு?" தூக்கம் கலையாத குரல்.

"கேசி," என்றேன். "உன் காலேஜிலேருந்து பேசறேன்."